பெர்லினில் ஜப்பான் காட்டிய முதல் மேஜிக்... கோச் சுசுகியை உங்களுக்குத் தெரியுமா?

2022 நவம்பர் 23. கத்தார் உலகக்கோப்பை. நாலு முறை சாம்பியனான ஜெர்மனியும் ஜப்பானும் மோதிய அந்த மேட்சை நீங்க லைவ்லயோ, ரீல்ஸ்லயோ கண்டிப்பா பார்த்திருப்பீங்க. ஹாஃப் டைம் வரைக்கும் ஜெர்மனி 1-0. பந்து முழுக்க அவங்க காலடியிலதான். இடைவேளையில் ஜப்பான் கோச் ஹஜிமே மொரியாசு ஒரு வேலை செய்தார். பின்வரிசையை மூன்று டிஃபெண்டர்களாக மாற்றினார். 75-வது நிமிஷம் ரிட்சு டோவான், 83-வது நிமிஷம் டகுமா அசானோ. முடிவு, ஜப்பான் 2, ஜெர்மனி 1. அன்னிக்கு உலகமே வாயைப் பிளந்தது.

ஆனா ஜப்பான் கால்பந்து வரலாறு தெரிஞ்ச பெரியவங்களுக்கு இந்தக் கதை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்திருக்கும். ஏன்னா 86 வருஷத்துக்கு முன்னாடி, அதே ஜெர்மனியின் தலைநகரில், இதே மாதிரி முதல் பாதியில் பின்தங்கியிருந்த ஒரு ஜப்பான் அணி எழுந்து நின்று ஐரோப்பிய அணி ஒன்றைக் கவிழ்த்தது. அப்பவும் பேசப்பட்ட விஷயம், பின்வரிசையில் மூன்று பேர். அந்த அணியின் மேனேஜருக்கு அப்போது வயது 33. பெயர், ஷிகெயோஷி சுசுகி.

சுசுகின்னதும் காரும் பைக்கும்தானே ஞாபகத்துக்கு வருது? அது வேற. சுசுகி என்பது ஜப்பானில் தெருவுக்குத் தெரு இருக்கிற குடும்பப் பெயர். நம்ம கதையின் சுசுகி எந்தத் தொழிற்சாலையும் கட்டவில்லை. அவர் கட்டியது ஒரு டீம்.

15 கோல் வாங்கிய நாடு

சுசுகியின் அருமை புரியணும்னா, அவர் இறங்கின மைதானம் எப்படி இருந்ததுன்னு முதல்ல பார்த்துடுவோம்.

இன்னிக்கு ஆசியாவின் டாப் டீம்களில் ஒன்று ஜப்பான். 100 வருஷத்துக்கு முன்னாடி நிலைமையே வேற. 1917-ல் டோக்கியோவில் தூரகிழக்கு விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. ஜப்பான், சீனா, பிலிப்பைன்ஸ் மோதும் போட்டி அது, ஆசிய விளையாட்டுக்கு முன்னோடின்னு சொல்லலாம். சொந்த ஊரில், சொந்த ரசிகர்கள் முன்னால் ஜப்பான் கால்பந்து அணி சீனாவிடம் 0-5 என்று தோற்றது. பிலிப்பைன்ஸிடம்? 2-15. ஆமாம், பதினஞ்சு. கோல் எண்ணுறவருக்கே கை வலிச்சிருக்கும்.

தேசிய அணின்னு தனியா ஒண்ணு அப்போ கிடையாது. ஏதாவது ஒரு கல்லூரி அணியையோ கிளப் அணியையோ பிடிச்சு, இந்தாங்கப்பா, நாட்டு சார்பா ஆடிட்டு வாங்கன்னு அனுப்பி வைப்பாங்க. அவ்வளவுதான். ஜப்பான் கால்பந்து சங்கமே 1921-ல்தான் ஆரம்பிக்கப்பட்டது. அதே வருஷம் ஷாங்காயில் மறுபடியும் இரண்டு தோல்வி.

ஓடத் தெரியும், உதைக்கத் தெரியும். ஆனா எப்படி ஆடணும்னு சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. இதுதான் அன்றைய ஜப்பான்.

பர்மாவிலிருந்து வந்த வாத்தியார்

1902-ல் ஃபுகுஷிமா மாகாணத்தில் பிறந்தவர் சுசுகி. 2011 சுனாமி, அணு உலை விபத்து மூலமா நமக்கெல்லாம் பழக்கமான அதே ஃபுகுஷிமாதான். படிக்க டோக்கியோ வந்தார். வாசெடா பல்கலைக்கழகத்தோடு இணைந்த உயர்நிலைக் கல்விக்கூடத்தில் சேர்ந்தார். கால்பந்து மேல அப்படி ஒரு வெறி. ஆனா மேலே சொன்ன அதே பிரச்னை. சொல்லித் தர யாரு?

இந்த இடத்தில்தான் கதைக்குள்ள ஒரு ஆச்சர்யமான மனிதர் வர்றார். பெயர் கியாவ் டின். ஊர் பர்மா. அப்போது பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். டோக்கியோவில் தொழில்நுட்பம் படிக்க வந்த மாணவர் அவர். வெள்ளைக்காரர்கள் மூலமாக பர்மாவில் கால்பந்து நல்லா வேரூன்றியிருந்த காலம் என்பதால், இவருக்கு ஆட்டம் அத்துப்படி.

கோச் வேணும்னா இங்கிலாந்திலிருந்து ஒரு ஆளைக் கூட்டிட்டு வரணும்னு ஜப்பானின் பெரிய தலைகள் யோசிச்சிருக்கலாம். சுசுகியும் அவருடைய கூட்டாளிகளும் அதுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. பக்கத்துக் கல்லூரியில் படிக்கிற, இன்னொரு நாட்டின் காலனியிலிருந்து வந்த ஒரு மாணவனை வாத்தியாராக ஏற்றுக்கொண்டார்கள். ஆசியாவிலேயே நாங்கதான் முன்னேறிய நாடுன்னு ஜப்பான் மார்தட்டிக்கிட்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை பாஸ்.

கியாவ் டின் பந்தைப் பின்னாடி துரத்தச் சொல்லவில்லை. பாதத்தின் எந்த இடம் பந்தில் பட்டால் பந்து எங்கே போகும், ஏன் அப்படிப் போகும்னு காரணத்தோடு விளக்கினார். பந்தைத் தூக்கி அடிச்சுட்டு ஓடுறதுக்கு பதிலா, பக்கத்தில் இருப்பவனுக்குத் தரையோடு தரையாகக் கொடுத்து வாங்கும் குறும் பாஸ் ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். உயரத்திலும் உடல் எடையிலும் சின்னவர்களான ஜப்பான் பசங்களுக்கு அது சட்டை தைத்த மாதிரி கச்சிதமாகப் பொருந்தியது.

ரிசல்ட் உடனே வந்தது. உயர்நிலைக் கல்விக்கூடங்களுக்கான தேசிய அளவிலான போட்டி 1923-ல் முதல் முறையாக நடந்தது. சாம்பியன், வாசெடா. அடுத்த வருஷமும் அவங்கதான்.

1923 செப்டம்பர் 1. டோக்கியோவைப் பெரும் பூகம்பம் தாக்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கியாவ் டின் படித்த கல்விக்கூடமும் தீயில் அழிந்தது. வகுப்பு இல்லை, கட்டடம் இல்லை. வேற யாராக இருந்தாலும் அடுத்த கப்பலைப் பிடிச்சு ஊருக்குப் போயிருப்பாங்க. அவரோ ஊர் ஊராகப் போய்ப் பள்ளிகளில் கால்பந்து சொல்லிக் கொடுத்தார். அப்படி அவரிடம் கற்றவர்களில் ஒருவர், ஷிகெமாரு டகெனோகோஷி. இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க, பெர்லினில் மறுபடி வருவார். அதே 1923-ல் கியாவ் டின்னின் பாடங்கள் புத்தகமாகவும் வெளிவந்தன. 1924-ல் அவர் தாய்நாடு திரும்பினார். ஜப்பானில் அவர் இருந்தது சில வருஷங்கள்தான். ஆனா விதை விழுந்தாச்சு.

முதல் வெற்றி, முதல் பட்டம்

1923 மே மாதம், ஒசாகாவில் நடந்த தூரகிழக்குப் போட்டிகளில் ஜப்பானுக்காகக் களமிறங்கியபோது சுசுகிக்கு வயது 20. பிலிப்பைன்ஸிடம் 1-2, சீனாவிடம் 1-5. இரண்டும் தோல்வி. ஆனா ஆறு வருஷத்துக்கு முன்னாடி 15 கோல் போட்ட பிலிப்பைன்ஸால் இப்போ இரண்டுதான் போட முடிந்தது. இடைவெளி சுருங்க ஆரம்பிச்சிருந்தது.

1927 ஆகஸ்ட், ஷாங்காய். இந்த முறை வாசெடா வட்டாரத்து ஆட்டக்காரர்கள்தான் ஜப்பான் அணி. கேப்டன், சுசுகி. சீனாவிடம் மறுபடியும் 1-5. அடுத்த மேட்ச் பிலிப்பைன்ஸோடு. ஜப்பான் 2, பிலிப்பைன்ஸ் 1.

ஸ்கோரைப் பார்த்தா சாதாரணமா இருக்கா? சர்வதேசக் கால்பந்தில் ஜப்பான் பெற்ற முதல் வெற்றி அதுதான். உலகக்கோப்பையில் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் சாய்க்கிற ஒரு நாட்டின் வெற்றிக் கணக்கு தொடங்கின இடம், ஷாங்காயின் அந்த மைதானம்.

மூன்று வருஷம் கழித்து சுசுகி மேனேஜர் ஆனார். வயது? 27. இன்னிக்கு இளம் கோச்னு நாம கொண்டாடுற பலரைவிடச் சின்னவர். 1930 தூரகிழக்குப் போட்டிகள் டோக்கியோவில். இங்கே ஒரு முக்கியமான மாற்றம் நடந்தது. ஒரே கல்லூரியை அப்படியே அனுப்புற பழக்கத்தை ஜப்பான் கைவிட்டது. பல இடங்களிலிருந்து திறமையானவர்களைப் பொறுக்கியெடுத்து முதல் முறையாக உண்மையான தேசிய அணி ஒன்று உருவானது. டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழக வீரர்கள் அதில் நிறைய. சுசுகியோ வாசெடா ஆள். நம்ம ஊர் காலேஜ் கல்ச்சுரல்ஸ் போட்டியைப் பார்த்தவங்களுக்கு, எதிரி காலேஜ் பசங்களைக் கட்டி மேய்க்கிறது எவ்வளவு கஷ்டம்னு புரியும்.

அந்த அணி பிலிப்பைன்ஸை 7-2 என்று நொறுக்கியது. அதுவரை ஜப்பானால் ஜெயிக்கவே முடியாத சீனாவோடு 3-3 டிரா. இரண்டு நாடுகளும் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டன. 2-15-லிருந்து கூட்டு சாம்பியன் வரை, வெறும் 13 வருஷம்.

டிக்கெட் யாருக்கு?

அடுத்து ஒலிம்பிக்ஸ். 1932 லாஸ் ஏஞ்சல்ஸில் கால்பந்தே இல்லை. 1934-ல், ஜப்பான் பிடித்து வைத்திருந்த மஞ்சூரியாவைத் தனி நாடாக விளையாட விடுவதா என்ற சண்டையில் தூரகிழக்குப் போட்டிகளே கலைந்துபோயின. ஆக, ஜப்பான் கால்பந்துக்கு வெளியுலகம் போக இருந்த ஒரே கதவு, 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ். மறுபடியும் மேனேஜர் பொறுப்பு சுசுகிக்கு. உதவிக்கு டகெனோகோஷி. யோசிச்சுப் பாருங்க, பர்மாக்கார வாத்தியாரின் இரண்டு மாணவர்கள் இப்போது ஒலிம்பிக் அணியை நடத்துகிறார்கள்.

ஆனா இந்த அணித் தேர்வில் ஒரு கறை இருக்கு. அதைச் சொல்லாமல் கடந்து போனா இந்தக் கதை பாதிக் கதைதான்.

அப்போது கொரியா ஜப்பானின் பிடியில் இருந்தது. 1935-ல் ஜப்பானின் தேசிய சாம்பியன்ஷிப்பில், இன்றைய சியோலிலிருந்து வந்த கொரிய அணி இறுதிப்போட்டியில் டோக்கியோ அணியை 6-1 என்று தூக்கிப்போட்டு மிதித்தது. ஒலிம்பிக்ஸுக்கு முந்தின வருஷம் நாட்டின் சாம்பியனே அவங்கதான். நியாயமா பார்த்தா பெர்லின் ரயிலில் பாதிப்பேர் கொரியர்களாக இருந்திருக்கணும். ஆனா வாசெடாவை மையமாக வைத்துத்தான் அணி தேர்வானது. பட்டியலில் இடம்பிடித்த கொரியர்கள் இரண்டே பேர். அதிலும் ஒருவர் விலகிக்கொள்ள, கடைசியில் போனது ஒரே ஒருவர். அவர் கிம் யோங்-சிக்.

தன் நாட்டை ஆக்கிரமித்திருந்த நாட்டின் கொடியை நெஞ்சில் அணிந்துகொண்டு ஆட வேண்டிய நிலை. அவர் மனசுக்குள்ள என்ன ஓடியிருக்கும்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. பர்மா மாணவனிடம் வித்தை கற்கத் தயங்காத ஜப்பான் கால்பந்து, பக்கத்திலிருந்த கொரியனுக்கு உரிய இடத்தைக் கொடுக்கத் தயங்கியது. அதுதான் உண்மை.

மூன்றாவது ஆள் எங்கே?

டோக்கியோவிலிருந்து பெர்லினுக்கு இன்னிக்கு ஒரே நாளில் பறந்துடலாம். அந்த அணி போனது ரயிலில். கடலைக் கடந்து, கொரியா, மஞ்சூரியா தாண்டி, சைபீரியாவின் முடிவே இல்லாத சமவெளி வழியாக, நாள் கணக்கில் பயணம். இந்த சைபீரியாவையும் கொஞ்சம் ஞாபகத்தில் வெச்சுக்கோங்க.

பெர்லின் போய்ச் சேர்ந்ததும் உள்ளூர் கிளப்புகளோடு பயிற்சி ஆட்டங்கள். அங்கே விழுந்தது அடி. ஒலிம்பிக் அணி, சாதாரண உள்ளூர் கிளப்பிடம் தோற்றது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, எதிரணி நின்ற விதம். பின்னால் நிற்க வேண்டிய டிஃபெண்டர் இரண்டு பேர்தானே? இங்கே மூன்று பேர் நிற்கிறார்களே!

கொஞ்சம் டெக்னிக்கலா பார்ப்போம், சிம்பிள்தான். 1925 வரைக்கும் ஆஃப்சைடு விதி ரொம்பக் கடுமையா இருந்தது. பந்து பாஸ் ஆகும்போது, பாஸை வாங்குற ஃபார்வர்டுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியினர் குறைந்தது மூன்று பேர் இருக்கணும். அதனால இரண்டு டிஃபெண்டர்களே போதுமானதா இருந்தது. 1925-ல் அந்த மூன்றை இரண்டாகக் குறைத்தார்கள். ஃபார்வர்டுகளுக்குக் கொண்டாட்டம், கோல் மழை. அதைச் சமாளிக்க இங்கிலாந்தில் ஆர்சனல் அணியின் மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன், நடுக்களத்தில் நின்ற சென்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்து இரண்டு டிஃபெண்டர்களுக்கு நடுவில் நிறுத்தினார். இந்த அமைப்பு ஐரோப்பா முழுக்கப் பரவியது. தூரத்து ஜப்பானோ இன்னும் பழைய முறையிலேயே ஆடிக்கொண்டிருந்தது. அன்னிக்கு யூடியூப் இல்லை, டாக்டிக்ஸ் பேசுற ட்விட்டர் த்ரெட் இல்லை. நேரில் போய் அடி வாங்கினால்தான் அப்டேட் கிடைக்கும்.

இப்போ சுசுகியின் இடத்தில் உங்களை வெச்சுப் பாருங்க. ஒலிம்பிக்ஸ் தொடங்க சில வாரங்கள்தான் இருக்கு. வருஷக்கணக்கா பழகின முறை ஒண்ணு கையில் இருக்கு. எக்ஸாமுக்கு முதல் நாள் புது சிலபஸ் கையில் கிடைச்ச மாதிரி. நம்மில் பெரும்பாலானோர் என்ன பண்ணுவோம்? தெரிஞ்சதை வெச்சே ஒப்பேத்திடலாம்னுதான் நினைப்போம்.

சுசுகியும் அவருடைய பயிற்சியாளர்களும் மாத்திட்டாங்க. கண்ணால் பார்த்ததை வைத்து மூன்று டிஃபெண்டர் முறையை அங்கேயே, அந்த நாள்களுக்குள்ளேயே பழகத் தொடங்கினார்கள். தாக்குதலில் மட்டும் தங்கள் பழைய சொத்தான குறும் பாஸை விடவில்லை. கேடயம் ஐரோப்பாவிடம் வாங்கியது, வாள் பர்மா வாத்தியார் கொடுத்தது.

1936 ஆகஸ்ட் 4

அந்த நேரத்தில் இன்னொரு நல்ல செய்தியும் வந்தது. ஜூலை 31 அன்று, அதே பெர்லினில் கூடிய ஒலிம்பிக் கமிட்டி, 1940 ஒலிம்பிக்ஸை டோக்கியோவுக்குக் கொடுத்தது. இந்தப் பசங்களில் பலர் இன்னும் மாணவர்கள். நாலு வருஷத்தில் சொந்த மண்ணில் ஆடலாம் என்ற கனவும் சேர்ந்துகொண்டது.

முதல் சுற்றில் எதிரணி, ஸ்வீடன். 1924 ஒலிம்பிக்ஸில் வெண்கலம் வென்ற நாடு. 1934 உலகக்கோப்பையில் அர்ஜென்டினாவை வீட்டுக்கு அனுப்பிய நாடு. நாக் அவுட் போட்டி, தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஜப்பானுக்கு ஒலிம்பிக் கால்பந்தில் இதுதான் முதல் மேட்ச்.

24-வது நிமிஷம் ஸ்வீடன் கோல். 37-வது நிமிஷம் இன்னொன்று. இரண்டையும் போட்டவர் பெர்சன். ஹாஃப் டைம், 0-2. அரங்கில் இருந்தவர்கள் எல்லாம் கதை முடிஞ்சதுன்னுதான் நினைச்சிருப்பாங்க.

இரண்டாம் பாதி தொடங்கி நாலாவது நிமிஷம். டைசோ கவமோட்டோ கோல் அடித்தார், 1-2. சின்னச் சின்ன பாஸ்களாக, காலுக்குக் கால் பந்து ஓடத் தொடங்கியது. ஆறடி ஸ்வீடன்காரர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து வேற இடத்தில் இருந்தது. 62-வது நிமிஷம் டொகுடாரோ உகோன், 2-2. 85-வது நிமிஷம் அகிரா மட்சுனாகா. ஜப்பான் 3, ஸ்வீடன் 2.

மிச்சமிருந்த நிமிஷங்களில் ஸ்வீடன் மொத்தமாக ஜப்பான் பக்கம் வந்து முற்றுகையிட்டது. கோல்கீப்பர் ரிஹெய் சானோ எதையும் உள்ளே விடவில்லை. விசில் ஊதப்பட்டது. ஆட்டம் முடிந்தது. பெர்லின் அதிசயம் என்று ஜப்பானியர்கள் இன்றும் அதை அழைக்கிறார்கள்.

ஸ்வீடனில் இந்த மேட்சை ரேடியோவில் வர்ணித்தவர் ஸ்வென் யெரிங். எங்கே பார்த்தாலும் ஜப்பானியர்கள் வந்து நிற்பதைப் பார்த்து, ஜப்பானியர்கள் என்ற சொல்லையே அவர் திரும்பத் திரும்பச் சொல்லித் தீர்த்தார். அந்த வர்ணனை ஸ்வீடனில் தலைமுறைகள் தாண்டி நினைவில் நிற்கிறது. அந்த ஜப்பானியர்களில் ஒருவர் கொரியர் என்பது கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. அஞ்சு நாள் கழித்து, அதே பெர்லினில் மாரத்தான் தங்கம் வென்ற சோன் கீ-சுங்கும் கொரியர்தான். அவர் மார்பிலிருந்த ஜப்பான் கொடியை அழித்துப் படம் வெளியிட்ட கொரியப் பத்திரிகை ஒன்று பல மாதங்கள் முடக்கப்பட்டது. கிம் எந்த மாதிரி ஒரு காலத்தில் ஆடினார்னு புரியுதா?

மூன்றே நாள் சந்தோஷம்

ஆகஸ்ட் 7. காலிறுதி. எதிரே இத்தாலி. கோச், 1934 உலகக்கோப்பையை வென்று கொடுத்த விட்டோரியோ போட்ஸோ. கண்ணாடி போட்டுக்கொண்டே ஆடும் அன்னிபாலே ஃப்ரோஸி அந்த அணியின் நட்சத்திரம். ஸ்வீடனுக்கு எதிராக உயிரைக் கொடுத்து ஓடிய ஜப்பான் கால்களில் மிச்சம் எதுவும் இல்லை. 0-8. அந்த இத்தாலிதான் கடைசியில் தங்கமும் வென்றது. அதே ஆகஸ்ட் 7-ல்தான் ஹிட்லர் பார்த்துக்கொண்டிருக்க, நார்வேயிடம் ஜெர்மனி 0-2 என்று தோற்றது. அன்னிக்கு பெர்லினில் யாருக்கும் நாள் சரியில்லை போல.

எட்டு கோல் வாங்கியதால் அந்த அணியை யாரும் குறைச்சு மதிப்பிடவில்லை. ஐரோப்பாவில் பார்த்த புது முறையை வீரர்கள் ஊருக்குத் திரும்பித் தங்கள் பல்கலைக்கழகங்களில் பரப்பினார்கள். அடுத்த இலக்கு, 1940 டோக்கியோ.

அந்த ஒலிம்பிக்ஸ் நடக்கவே இல்லை. 1937 ஜூலையில் சீனாவோடு முழுப் போர் மூண்டது. 1938-ல், ஒலிம்பிக்ஸ் எங்களால் நடத்த முடியாது என்று ஜப்பானே திருப்பிக் கொடுத்துவிட்டது. ஏழே வருஷத்துக்கு முன்னாடி சுசுகியின் அணி எந்த நாட்டோடு 3-3 என்று டிரா செய்து பட்டத்தைப் பகிர்ந்ததோ, அந்த நாட்டோடுதான் போர்.

பிறகு நடந்தது, எந்த கோச்சும் பார்க்கக் கூடாதது. மூன்றாவது கோல் போட்டு வரலாறு எழுதிய மட்சுனாகா, 1943-ல் குவாடல்கனாலில் போரில் இறந்தார். இரண்டாவது கோல் போட்ட உகோன், 1944-ல் பூகன்வில் தீவில் இறந்தார். கேப்டன் டெய்சோ டகெயுச்சி போர் முடியும் வரை உயிரோடிருந்தார். ஆனா சோவியத் படைகளிடம் சிறைப்பட்டு 1946-ல் செத்துப்போனார், சைபீரியாவில். பத்து வருஷத்துக்கு முன்னாடி கனவோடு ரயில் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு போன அதே சைபீரியா.

பொருள்களைக்கூட போர் விட்டுவைக்கவில்லை. ஜப்பான் கால்பந்து சங்கம் உருவாகவே காரணமாக இருந்தது, 1919-ல் இங்கிலாந்து கால்பந்து சங்கம் அனுப்பிய வெள்ளிக்கோப்பை. போரின் கடைசிக் கட்டத்தில் உலோகத் தேவைக்காக அரசு அதையும் வாங்கிக்கொண்டது. இங்கிலாந்து அதற்கு மாற்றாக இன்னொரு கோப்பையைக் கொடுத்தது 2011-ல்தான்.

விதை மரமான கதை

உயிர் பிழைத்தவர்கள் என்ன ஆனார்கள்? முதல் கோல் போட்ட கவமோட்டோ, பின்னாளில் தேசிய அணியின் மேனேஜர் ஆனார். டகெனோகோஷி போருக்குப் பிறகு சிதறிக் கிடந்த ஜப்பான் அணியைத் திரட்டி, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸுக்குக் கூட்டிப் போனார். கிம் யோங்-சிக்? 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில், 38 வயதில், இந்த முறை தன் சொந்த நாடான கொரியாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடினார். 1954-ல் தென்கொரியா முதல் முறையாக உலகக்கோப்பைக்குப் போனபோது, மேனேஜர் அவர்தான். ஒரே பெர்லின் அணியிலிருந்து இரண்டு நாடுகளுக்கு வழிகாட்டிகள் கிடைத்தார்கள்.

சுசுகி எல்லாவற்றையும் பார்த்தார். தன் பசங்களின் மரணச் செய்திகளையும் கேட்டார், தன் நாடு மறுபடி எழுவதையும் பார்த்தார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸில் ஜப்பான் போட்டியை நடத்திய மெக்சிகோவையே 2-0 என்று வீழ்த்தி வெண்கலம் வென்றது. அந்த ஒலிம்பிக்ஸிலேயே அதிக கோல், ஏழு கோல் அடித்தவர் குனிஷிகே கமமோட்டோ. அவரும் வாசெடா பல்கலைக்கழகத்துக்காரர்தான். மூன்று வருஷம் கழித்து, 1971 டிசம்பரில் சுசுகி காலமானார். அவருடைய பெர்லின் அணி முழுவதையும் 2016-ல் ஜப்பான் கால்பந்தின் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவித்தது. அவருடைய வாத்தியார் கியாவ் டின்னுக்கும் அங்கே இடம் உண்டு.

சுசுகியின் வாழ்க்கையை மொத்தமா வெச்சுப் பார்த்தா, அவர் புதுசா எதையும் கண்டுபிடிக்கவில்லை. குறும் பாஸ் அவருடையது இல்லை. மூன்று டிஃபெண்டர் முறையும் அவருடையது இல்லை. நமக்கு இது தெரியலைன்னு ஒத்துக்கிறதுல அவர் ஒரு நாள்கூட லேட் பண்ணலை, அவ்வளவுதான். 20 வயதில் இன்னொரு காலேஜ் மாணவனிடம் கத்துக்கிட்டார். 33 வயதில், மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும், தன்னைத் தோற்கடித்த உள்ளூர் கிளப்பிடம் கத்துக்கிட்டார். முதலாவதைவிட இரண்டாவது ரொம்பக் கஷ்டம். வேலையில் ஒரு நிலைக்கு வந்தவங்களைக் கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க.

அடுத்த முறை ஜப்பான் ஏதாவது பெரிய டீமை இரண்டாம் பாதியில் கவிழ்க்கும்போது, கமென்ட்டில் மொரியாசுவுக்கு ஹார்ட் போடுங்க, தப்பில்லை. கூடவே 1936-ல் 0-2 என்று பின்தங்கி பெர்லினில் நின்ற அந்த 33 வயசுக்காரரையும், கோல் போட்டுவிட்டு வீடு திரும்பி, பிறகு போருக்குப் போய் வராமலேயே போன அவருடைய பசங்களையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.